அவள் யாரைக் காட்டினாள்

அந்த இருக்கை வேண்டாம் சார். ஆள் வருகிறது. கைக்குட்டை அங்கே தானாக விழவில்லை, நான்தான் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்கள். எச் பதினான்கு. சரிதான். நான் பன்னிரண்டு. நடுவில் இருக்கிற பதின்மூன்று என் மனைவிக்கு. நீங்கள் அந்தப் பக்கம் தாராளமாக உட்காரலாம்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முந்நூறு பேர் உட்காருகிற தியேட்டரில் மொத்தம் பதினோரு பேர் இருந்தோம். உங்களோடு பன்னிரண்டு. இத்தனை காலியாகக் கிடக்கும்போது உங்களுக்கு எப்படி இந்த இடம் கிடைத்தது? கவுண்டரில் கொடுத்ததா. நீங்களாகக் கேட்டு வாங்கவில்லையே. வத்தலக்குண்டில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா? இல்லையென்றால் சரி. கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

படம் தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. இங்கே சொன்ன நேரத்துக்குப் போட மாட்டார்கள். நீங்கள் முதல் தடவையா? எனக்கு இது ஏழாவது. அப்படிப் பார்க்காதீர்கள். எனக்குப் படம் பார்க்கிற பழக்கமே கிடையாது. விண்வெளி, ராக்கெட், இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைக்கிற ஆள் நான். இன்றோடு இந்தப் படத்தை எடுக்கிறார்கள். நாளைக்கு வேறு படம். அதனால்தான் இன்று. படம் முடிந்து வெளியே போனதும் இந்திராணி ஒரு முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். இந்திராணி என்றால் என் மனைவி. என்னோடு ஆட்டோவில் வீட்டுக்கு வருகிறாளா, ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டுக்கு, அக்கா வீட்டுக்கே திரும்பிவிடுகிறாளா என்று. பதினேழு நாளாக அங்கேதான் இருக்கிறாள். எல்லாம் இந்தப் படத்தால் வந்தது.

கதையைச் சொல்லாமல் உங்களுக்கு விளங்காது. முடிவைச் சொல்லிவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம். முடிவு எனக்கே தெரியாது.

கணவன், மனைவி. அவன் விண்வெளியில் ஏதோ ஒரு நிலையத்துக்கு வேலைக்குப் போகிறான். பன்னிரண்டு வருடம். அவனை அனுப்பிய கம்பெனி, வீட்டில் அந்தப் பெண் தனியாக இருப்பாளே என்று அவனைப் போலவே ஒரு இயந்திரத்தைச் செய்து கொண்டுவந்து விடுகிறது. அதே முகம், அதே குரல். இடைவேளைக்கு அப்புறம் அவன் திரும்பி வருகிறான். இப்போது வீட்டில் இரண்டு பேர். கம்பெனிக்காரர்கள் வந்து கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு இருவரையும் உட்கார வைத்து, யாரைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார்கள். அவள் கையை நீட்டுகிறாள். கை யார் பக்கம் போகிறது என்று தெரிவதற்குள் திரை இருண்டுவிடுகிறது. இருட்டில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

இதற்கு இரண்டரை மணி நேரம்.

முதல் தடவை இந்திராணி கூப்பிட்டுத்தான் வந்தேன். அவளாக ஒரு படத்துக்குக் கூப்பிட்டு எட்டு ஒன்பது வருடம் ஆகியிருக்கும். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், ஏன் திடீரென்று இந்தப் படம் என்று. யோசிக்காமல் வந்துவிட்டேன். படத்தில் அவன் அந்த நிலையத்துக்குள் ஒரு எடை மெஷின்மேல் ஏறி நிற்கிறான். அறுபத்தெட்டு கிலோ காட்டுகிறது. எடையே இல்லாத இடத்தில் அறுபத்தெட்டு கிலோ எங்கிருந்து வரும்? இந்திராணியிடம் சொன்னேன், "தராசு தப்பு பாத்தியா" என்று. முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தப்பைத் தப்பு என்று சொன்னதற்குப் பார்க்கிறார்கள்.

நான் முத்திரை ஆய்வாளர் சார். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அரசாங்க முத்திரை குத்துகிற வேலை. முப்பத்தோரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு வருடம் பாக்கி. தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டியிருப்பான். எடைக்கல்லைக் குடைந்து ஈயத்தை எடுத்திருப்பான். எடுத்துவிட்டு நெற்றியில் பட்டையோடு நம்மைக் கும்பிடுவான். மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வீட்டிலும் ஒரு தராசு வைத்திருக்கிறேன். இந்திராணி கடைக்குப் போய்விட்டு வந்தால் பை நேரே அடுக்களைக்குப் போகாது. முதலில் தராசு. ஒரு கிலோ வெங்காயம் என்றால் ஒரு கிலோ இருக்கிறதா? குறைந்திருந்தால் நான் திட்டியதே கிடையாது, அவளையே கேட்டுப் பாருங்கள். எந்தக் கடை, எத்தனை மணி, நிறுத்தது முதலாளியா வேலைக்காரனா, அப்போது நீ எங்கே நின்றாய், முள்ளைப் பார்த்தாயா, இவ்வளவுதான் கேட்பேன். அவள் ஏமாந்துவிடக் கூடாதே என்று. இருபத்தாறு வருடமாக நிறுக்காமல் ஒரு பொருளை உள்ளே விட்டதில்லை.

எங்கே விட்டேன்? முதல் தடவை. படம் முடிந்து விளக்கு வந்ததும் பார்க்கிறேன், இந்திராணியின் முந்தானை நுனி ஈரமாக இருக்கிறது. அழுதிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. நான் எடை மெஷினை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அவளாகவே சொன்னாள்.

"பாவங்க அந்த ஆளு."

"எந்த ஆளு?"

"அந்த ஆளுதான்."

"வந்தவனா, இருந்தவனா?"

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் ஒரு தடவை கேட்டேன். சாப்பிடும்போது ஒரு தடவை கேட்டேன். "விடுங்களேன், படம்தானே" என்றாள். படம்தானே என்றால் அழுவானேன்? நீங்களே சொல்லுங்கள். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் வரவில்லை என்றால் தட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதனால் இரண்டாம் தடவை வந்தேன். ஆய்வுக்குப் போகிற நாளில் மத்தியானம், தனியாக. அன்று எனக்குப் படம் பிடித்திருந்தது. உண்மையாகச் சொல்கிறேன். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறாள், வந்தவனுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறாள், நல்ல குடும்பப் பெண். இயந்திரத்தைத்தான் அனுப்பியிருப்பாள் என்று முடிவு செய்தேன். பாவம் என்று இந்திராணி சொன்னதும் இயந்திரத்தைத்தான். பெண்களுக்குப் பழகின மிக்ஸியைத் தூக்கிப் போடக்கூட மனசு வராது. அந்த மாதிரி. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அதை நிறுத்தேன், அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் அவளுடைய பை திறந்திருந்தது. நான் திறக்கவில்லை, திறந்துதான் இருந்தது. உள்ளே மடித்து ஒரு டிக்கெட். இந்தத் தியேட்டர், இந்தப் படம், செவ்வாய்க்கிழமை மத்தியானக் காட்சி. என்னிடம் சொல்லாமல் இரண்டாவது முறை பார்த்திருக்கிறாள்.

நானும் சொல்லாமல்தான் பார்த்தேன் என்கிறீர்கள். அது விசாரணை சார். இரண்டும் ஒன்றாகாது.

மூன்றாம் தடவை காதை வைத்துப் படம் பார்த்தேன். முதல் பாதியில் இயந்திரத்தை இறக்கும்போது கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை சொல்கிறான், நீங்களும் கவனியுங்கள்: "மாடிக்கு ஏத்த வேணாம், நூத்தி நாப்பது கிலோ." இதை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். நான் வாங்கினேன். கடைசியில் இருட்டில் நகர்கிறதே ஒரு நாற்காலி, அதிலிருந்து எழுந்தது நூற்று நாற்பது கிலோவா, அறுபத்தெட்டு கிலோவா? அதை எல்லாராலும் சொல்ல முடியாது. நான் சொல்லுவேன். மூட்டை இறக்குகிற சத்தத்தைக் கேட்டே எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்லியிருக்கிறேன். அது லேசான சத்தம் சார். மரக்கால் தரையில் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது. மனிதன் எழுந்த சத்தம். அவள் புருஷனைத்தான் அனுப்பியிருக்கிறாள்.

அன்றைக்கு இந்தப் படத்தின்மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. தாலி கட்டினவனை வாசலைக் காட்டி அனுப்புகிறாள், அதை இரண்டு தடவை காசு கொடுத்துப் பார்த்துவிட்டு ஒருத்தி வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். ரசத்தை ஊற்றும்போது கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

சந்தேகம் மட்டும் போதாது, நிரூபணம் வேண்டும். கடையில் எடை குறைகிறது என்று புகார் வந்தால் நாங்கள் நேரே போய் நிற்க மாட்டோம். எங்களைக் கண்டால் அவன் சரியாக நிறுத்துவிடுவான். சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஒருவரை அனுப்பி ஒரு கிலோ சர்க்கரை வாங்கச் சொல்லுவோம். அதைக் கொண்டுவந்து எங்கள் தராசில் வைப்போம். சோதனைக் கொள்முதல் என்று பெயர். என்னிடம் ஆரோக்கியம் என்று ஒரு உதவியாளர், ஐம்பது வயசு, நல்ல மனிதர். அவருடைய மனைவி ஜெயசீலியைத்தான் அனேகமாக அனுப்புவோம். அப்பாவி முகம், ஆனால் கூர்மையான கண்.

இந்திராணியை அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி ஜெயசீலியிடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார வேண்டும், படத்தைப் பார்க்கக் கூடாது, இந்திராணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அழுகிறாள், அதை மட்டும் வந்து சொன்னால் போதும்.

ஆரோக்கியம் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. "சார், இது வேணுமா" என்று ஒரு தடவை கேட்டார். "உங்க வீட்டுக்கும் ஒரு சினிமா ஆச்சுல்ல" என்றேன்.

அன்று சாயங்காலம் ஜெயசீலி வந்து சொன்னது இது. கடைசிக் காட்சியில் இந்திராணி அழவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லையாம்.

"பின்ன எங்க?"

"அந்தாளு பன்னண்டு வருசம் கழிச்சு வீட்டுக்குள்ள வர்றான்ல சார். வந்ததும் வராததுமா அடுக்களைக்குப் போயி அரிசிப் பானைய மூடி தொறந்து பாக்கறான், பீரோவத் தொறந்து பாக்கறான், நான் இல்லாதப்ப யாரு யாரு வந்தான்னு கேக்கறான். அங்கதான் அக்கா அழுதாங்க."

எனக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தில் அழ என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறவன் வீட்டைச் சரிபார்க்க மாட்டானா? நியாயமான விசாரணை. நானாக இருந்தால் அரிசியை நிறுத்தே பார்த்திருப்பேன்.

பிறகு ஜெயசீலி இன்னொன்றும் சொன்னாள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள். இடைவேளையில் பப்ஸ் சாப்பிடும்போது இந்திராணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "மனசு கேக்கல சார். போன பொங்கலுக்கு எனக்கு வளையல் எடுத்துக் குடுத்தவங்க" என்றாள்.

பாருங்கள், தவறு எங்கே என்று. சோதனைக் கொள்முதலுக்குத் தெரிந்த முகத்தை அனுப்பவே கூடாது. விதி அது. எனக்குத் தெரிந்த விதியை நானே மீறினேன். அந்த ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். அதனால் என்ன ஆயிற்று? அரிசிப் பானை வருவது இடைவேளைக்கு அப்புறம். அதற்குள் இந்திராணிக்கு விஷயம் தெரியும். தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள், போய்ச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்த பிறகு அழுத அழுகை. அது எப்படிச் செல்லும்? வேண்டுமென்றே அந்த இடத்தில் அழுதிருக்கலாமே. எனக்கு ஏதோ சொல்லி அனுப்புவதற்காக அழுதிருக்கலாம். என்ன சொல்ல என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். இந்திராணி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. அவள் எப்போதும் சத்தம் போட மாட்டாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"வெங்காயத்தோட நின்னுரும்னு நெனச்சேங்க."

அவ்வளவுதான். வத்தலக்குண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். வாசல்வரை பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டி பதினோரு கிலோ இருக்கும். அப்படியென்றால் அதிக நாள் தங்குகிற எண்ணம் இல்லை என்று கணக்குப் போட்டேன். அது தப்பாகிவிட்டது.

அதன்பிறகு மூன்று தடவை தனியாக வந்தேன். வீட்டில் இருந்து என்ன செய்வது? நிறுக்க ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்கு ஹோட்டலில் அளவுச் சாப்பாடு. நாலாம் தடவை அந்த இயந்திரத்தைக் கவனித்தேன். அது அந்தப் பெண்ணை, எங்கே போனாய் என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. அவள் வெளியே போய் வந்தால் "சாப்ட்டியா" என்கிறது. முதலில் எனக்குச் சந்தேகமாக இருந்தது. எதையோ மறைக்கிறவன்தான் இப்படிக் கேள்வியே கேட்காமல் இருப்பான். படம் முடிகிறவரைக்கும் காத்திருந்தேன். ஒன்றும் மறைக்கவில்லை. அதற்குக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் தடவை இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. நாற்காலிச் சத்தம் கனமாகக் கேட்டது. நூற்று நாற்பது கிலோ என்றே சொல்லலாம். அப்படியென்றால் இயந்திரத்தை அனுப்பியிருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அது எழுந்து போய்விட்டால் அந்தப் பெண்ணை வீட்டில் யார் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள் என்று தோன்றியது. நான் இப்படியெல்லாம் நினைக்கிற ஆளில்லை.

ஆறாம் தடவை முந்தாநாள். திரும்பி வந்தவன் தன் வீட்டிலேயே தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிற இடம் ஒன்று வரும். அப்போது என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. ஏசியைத் துடைப்பதே இல்லை இங்கே, ஒரே தூசி. இரண்டு கண்ணிலும் விழுந்தது.

வெளியே போய் இந்திராணிக்குப் போன் செய்தேன். அவள் எடுத்தாள். பதினைந்து நாளாக அக்காதான் எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"சாப்ட்டியா?" என்றேன்.

"அது அந்த மெஷின் பேசற வசனம்" என்றாள்.

"இருக்கட்டும். நல்லா இருந்தா எடுத்துக்கக் கூடாதா?"

சிரித்தாள் சார். நான் கேட்டேன், சிரிப்புத்தான். அதற்கப்புறம்தான் சொன்னாள், இன்றைக்குக் கடைசி நாள் என்று பேப்பரில் பார்த்தாளாம், வருகிறேன், சேர்ந்து பார்ப்போம் என்று. "படம் முடிஞ்சதும் வீட்டுக்கா வத்தலக்குண்டுக்கான்னு சொல்றேன். ஆனா ஒண்ணு. முடியற வரைக்கும் என் பக்கம் திரும்பக் கூடாது. என் மூஞ்சியப் பாக்காம ஒரு தடவ படத்தப் பாருங்க" என்றாள். வாக்குக் கொடுத்தேன். கொடுத்தால் நான் மீற மாட்டேன், அது அவளுக்கே தெரியும்.

ஆனால் ஏன் அந்த நிபந்தனை? அதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். முகத்தில் தெரிவதற்கு ஒன்றும் இல்லையென்றால் பார்க்காதே என்று யாராவது சொல்வார்களா?

விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது பாருங்கள். கதவு திறக்கிறது. அவள்தான். கையில் பெரிய பெட்டி இல்லை, சின்னப் பைதான். வீட்டுக்கு வருவதாக இருந்தால் பெட்டியை எடுத்து வந்திருப்பாளே. இல்லை, நான் போய் எடுத்துவரட்டும் என்று விட்டிருப்பாளோ. சரி, இப்போது அதற்கு நேரமில்லை. கவனியுங்கள் சார். நான் பார்க்கக் கூடாது என்றுதான் வாக்கு. வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. உங்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு உங்களைத் தெரியாது. இந்த ஊரில் உங்களைவிடச் சுத்தமான ஆள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. இரண்டே இடம்தான். அரிசிப் பானையைத் திறக்கிற இடம், அப்புறம் கடைசியில் அந்தக் கை நீளுகிற இடம். படத்தை விடுங்கள், முகத்தைப் பாருங்கள். அழுகிறாளா, எவ்வளவு நேரம். முடிந்ததும் இங்கே என்னிடம் பேச வேண்டாம், வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வந்துவிடுங்கள்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள் சார். இப்போது இடம் மாறினால் அவளுக்குச் சந்தேகம் வரும். இவ்வளவு சொன்ன பிறகு போனால் நான் என்ன நினைப்பது? உட்காருங்கள். தயவுசெய்து.

"வா இந்திராணி. பாத்து, படி இருக்கு. உக்காரு. நான் திரும்பல, படத்தத்தான் பாக்கறேன்.

"இவரா? யாருன்னு தெரியாது. இப்பத்தான் வந்து உக்காந்தாரு."